கேட்கத் தெரிந்த மனிதர்: மைக்கல் பார்க்கின்சனும் நேர்காணல் என்னும் கலையும்

பேசிப் புகழ்பெற்றவர்கள் உலகில் அநேகர். பிறரைப் பேசவிட்டுப் புகழ்பெற்றவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட வேண்டியவர், பிரித்தானியத் தொலைக்காட்சியின் நேர்காணலாளர் சேர் மைக்கல் பார்க்கின்சன். 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 16 ஆம் திகதி தமது 88 ஆவது வயதில் அவர் காலமானபோது, பல்லாண்டு காலமாகச் சனிக்கிழமை இரவுகளில் தமது வீட்டுக்கு வந்துபோன உறவினர் ஒருவரை இழந்தவர்களைப் போலப் பிரித்தானிய மக்கள் துயருற்றனர். அவர் பாடகரல்லர், நடிகரல்லர், அரசியல்வாதியுமல்லர். ஒரு நாற்காலியில் அமர்ந்து எதிரே இருப்பவரிடம் கேள்வி கேட்பதே அவருடைய தொழில். அந்தத் தொழிலைச் செய்த ஒருவர் மீது ஒரு சமூகம் இத்துணை அன்பு கொண்டது எவ்வாறு என்பது ஆராய்வதற்கு உரியதாகும்.

தமிழில் 'கேட்டல்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. வினவுவதும் கேட்டலே, செவிமடுப்பதும் கேட்டலே. திருவள்ளுவர் 'கேள்வி' என்று பெயரிட்டு வகுத்த அதிகாரம், வினாக்களைப் பற்றியதன்று. கற்றோர் சொல்வதைச் செவிமடுத்து அறிவது பற்றியது. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உள்ளன. எனினும், இவ்விரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்பதைத் தமது தொழிலால் உணர்த்தியவர் பார்க்கின்சன். இன்றைய தொலைக்காட்சி நேர்காணல்களில் முதலாவது கேட்டல் தாராளமாக நடைபெறுகின்றது. இரண்டாவது கேட்டலுக்கே பஞ்சம் நிலவுகின்றது.

உரையாடல் நிகழ்ச்சியின் தோற்றம்

பிரபலமான ஒருவரை அழைத்து, பார்வையாளர்கள் முன்னிலையில் அவருடன் உரையாடி, அதனைப் பொழுதுபோக்காக வழங்கும் தொலைக்காட்சி வடிவம் அமெரிக்காவில் வேரூன்றியது. 1954 இல் என்பிசி நிறுவனம் ஆரம்பித்த 'ருநைட்' நிகழ்ச்சியே அதன் முன்னோடி. ஜொனி கார்சன் 1962 முதல் 1992 வரை முப்பது ஆண்டுகள் அதனை நடத்தினார். அமெரிக்க மரபில் நிகழ்ச்சியை நடத்துபவர் அடிப்படையில் ஒரு நகைச்சுவையாளர். அவர் மேடையில் தனித்து நின்று நகைச்சுவை கூறிவிட்டே மேசைக்குப் பின்னால் சென்று அமர்வார். விருந்தினர் அதன் பின்னரே வருவார். நிகழ்ச்சியின் நாயகர் யார் என்பதில் எவருக்கும் ஐயமிருக்காது.

அயர்லாந்தில் கே பேர்ன் 1962 இல் தொடங்கி 1999 வரை நடத்திய 'லேற் லேற் ஷோ' வேறு வழியில் சென்றது. கத்தோலிக்கத் திருச்சபையின் செல்வாக்கு மிகுந்திருந்த அந்நாட்டில், வெளிப்படையாகப் பேசப்படாத குடும்ப, சமூக விடயங்களை வரவேற்பறைக்குள் கொண்டுவந்தது அந்நிகழ்ச்சி. பிரித்தானியாவிலோ 1959 முதல் 1962 வரை ஜோன் ஃப்றீமன் பிபிசியில் நடத்திய 'முகத்துக்கு முகம்' என்னும் பொருள்படும் நிகழ்ச்சி நேர்காணலுக்குப் புதிய இலக்கணம் வகுத்தது. அதில் கேள்வி கேட்பவரின் முகம் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. விருந்தினரின் முகத்தின் மீதே கமெரா நிலைத்து நிற்கும். குறுக்கு விசாரணைக்கு ஒப்பான அந்த நிகழ்ச்சியில், அக்காலத்தில் புகழ்பெற்ற தொலைக்காட்சிப் பிரமுகரான கில்பர்ட் ஹார்டிங் கண்கலங்கினார். ஃப்றீமன் பின்னர் இராஜதந்திரத் துறைக்குச் சென்று, இந்தியாவுக்கான பிரித்தானிய உயர்ஸ்தானிகராகவும் பணியாற்றினார்.

நகைச்சுவையாளரின் மேடை ஒருபுறம், விசாரணையாளரின் கூண்டு மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில், ஒரு பத்திரிகையாளராக நின்று உரையாடலை நடத்த முற்பட்டவரே பார்க்கின்சன்.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

1935 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28 ஆம் திகதி, இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பிரதேசத்தில் பார்ன்ஸ்லி நகருக்கு அருகிலுள்ள கட்வேர்த் என்னும் கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தை ஜோன் வில்லியம், கிறைம்தோர்ப் நிலக்கரிச் சுரங்கத்தில் தொழிலாளி. அந்தப் பிரதேசத்தில் பிறக்கும் ஆண்பிள்ளைக்குச் சுரங்கமே விதி என்றிருந்த காலம் அது. தந்தையார் மகனை ஒருநாள் சுரங்கத்தினுள் அழைத்துச் சென்று, அங்குள்ள மிக மோசமான இடங்களையெல்லாம் காட்டினார். மகன் இத்தொழிலின் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்பதே அவரது நோக்கம். அது நிறைவேறியதாகப் பார்க்கின்சன் பலமுறை கூறியுள்ளார். அந்தச் சுரங்கமும் 1993 இல் மூடப்பட்டுவிட்டது.

தந்தைக்கும் மகனுக்கும் பொதுவான மதம் என்று ஒன்றிருந்தால் அது கிரிக்கெட். பார்ன்ஸ்லி கழகத்துக்காகப் பார்க்கின்சன் துடுப்பெடுத்தாடினார். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற நடுவராக விளங்கிய டிக்கி பேர்ட் அக்கழகத்தில் அவருடைய சக வீரர். இங்கிலாந்து அணியின் ஆரம்பத் துடுப்பாட்ட வீரராக உயர்ந்த ஜெஃப்ரி பொய்கொட்டும் அக்கழகத்தில் ஆடியவரே. மகன் தொலைக்காட்சியில் புகழின் உச்சியில் இருந்த காலத்தில், பணம் சம்பாதித்தாய், பெரிய மனிதர்களையெல்லாம் சந்தித்தாய், ஆனாலும் யோர்க்ஷயர் அணிக்கு ஆடியதற்கு அது ஈடாகுமா என்று தந்தை கேட்டாராம். இக்கதையைச் சொல்லிச் சிரிப்பது பார்க்கின்சனின் வழக்கம். புகழ் என்பது தலைக்கு ஏறக்கூடிய பொருளன்று என்பதை அவருக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தது அந்த வீடு.

இரண்டே பாடங்களில் சாதாரண தரச் சித்தியுடன் பதினாறு வயதில் பாடசாலையை விட்டு வெளியேறி, உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் செய்தியாளராகச் சேர்ந்தார். கட்டாய இராணுவ சேவைக் காலத்தில் 1956 ஆம் ஆண்டின் சுயெஸ் நெருக்கடியின்போது பத்திரிகைத் தொடர்பு அதிகாரியாக எகிப்துக்குச் சென்றார். அதன் பின்னர் மன்செஸ்டர் கார்டியன், டெய்லி எக்ஸ்பிரஸ் ஆகிய பத்திரிகைகளில் பணியாற்றி, கிரனாடா தொலைக்காட்சி வழியாகப் பிபிசிக்கு வந்து சேர்ந்தார்.

இந்த வரலாற்றை இங்கு விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகம் செல்லாத, யோர்க்ஷயர் பேச்சுத் தொனியை மறைக்காத ஒருவர், உயர்குடி உச்சரிப்பே செங்கோலோச்சிய பிபிசியில் சனிக்கிழமை இரவின் மையத்தில் அமர்ந்தார். நீதிமன்றம், நகரசபை, விளையாட்டு மைதானம் என்று அலைந்து, யாரிடமும் எதையும் கேட்டுப் பழகிய உள்ளூர்ச் செய்தியாளரின் பயிற்சியே அவருடைய முதலீடு. பெரியோரைக் கண்டு அவர் அஞ்சவில்லை. ஆனால் வியக்கத் தயங்கவுமில்லை. சிறுவனாகத் திரையரங்கின் இருட்டில் கண்டு மயங்கிய ஹொலிவூட் நட்சத்திரங்கள் தம் எதிரே வந்து அமரும்போது, அந்தச் சிறுவனின் வியப்பு அவருடைய முகத்தில் அப்படியே தெரிந்தது. பார்வையாளர்கள் தம்மை அவரில் கண்டனர்.

இரண்டு நாற்காலிகளும் ஒரு படிக்கட்டும்

'பார்க்கின்சன்' என்று அவருடைய பெயரையே தாங்கிய நிகழ்ச்சி 1971 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19 ஆம் திகதி ஆரம்பமாகியது. கோடைகாலத்து இடைவெளியை நிரப்புவதற்கெனத் தொடங்கப்பட்ட அந்நிகழ்ச்சி 1982 வரை பிபிசியில் நீடித்தது. ஹரி ஸ்ரோன்ஹம் அமைத்த இசை ஒலிக்க, விருந்தினர் படிக்கட்டில் இறங்கி வருவார். மேசை கிடையாது. இருவருக்கும் நாற்காலிகள் மட்டுமே. பெரும்பாலும் மூன்று விருந்தினர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவர். முன்னர் வந்தவர் எழுந்து போகாமல் அருகிலேயே அமர்ந்திருப்பதால், ஒரு நடிகையும் கவிஞரும் நகைச்சுவையாளரும் தம்முள் பேசிக்கொள்ளும் எதிர்பாராத காட்சிகள் பிறந்தன.

நேர்காணல் என்பது அந்த அரைமணி நேரத்தில் நிகழ்வது மட்டுமன்று. அதற்கு முன்னர் ஆய்வாளர்கள் விருந்தினரைப் பற்றிய கட்டுக்கட்டான தகவல்களைத் திரட்டுவர். நடத்துபவர் அவற்றைப் படித்து, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று ஒரு பாதையை வகுத்துக்கொள்வார். இந்த ஆயத்தம் இன்றி மேடையேறுபவர் விருந்தினரை அவமதிக்கின்றார். ஆனால் ஆயத்தத்தை மட்டும் நம்பி இருப்பவர், விருந்தினர் சொல்வதைக் கேளாமல் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருப்பார். முற்றாக ஆயத்தமாகி, அந்த ஆயத்தத்தைத் தேவையானபோது தூக்கியெறியத் துணிவதே இக்கலையின் இரகசியம்.

இதனைப் பார்க்கின்சனுக்குக் கற்பித்தவர் புகழ்பெற்ற திரைப்பட மேதை ஓர்சன் வெல்ஸ். நிகழ்ச்சிக்கு முன்னர் ஒப்பனை அறையில், கேள்விகள் எழுதப்பட்ட தாளைக் காட்டுமாறு வெல்ஸ் கேட்டார். வாங்கிப் பார்த்தவர், அதனைக் கிழித்தெறிந்துவிட்டு, நாம் பேசுவோம் என்றாராம். அந்தப் பேச்சு தமது வாழ்வின் சிறந்த நேர்காணல்களுள் ஒன்றாக அமைந்தது என்று பார்க்கின்சன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஜோன் லெனன் வேறு நிபந்தனை விதித்தார். 1971 இல் யோக்கோ ஓனோவுடன் வந்த அவர், பீற்றில்ஸ் இசைக்குழுவைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் ஒரு கறுப்புச் சாக்கினுள் புகுந்துகொண்டே கேட்க வேண்டும் என்றார். பார்க்கின்சன் சாக்கினுள் புகுந்து கேள்வி கேட்டார். தம்முடைய மரியாதை குறைந்துவிடும் என்று அவர் எண்ணவில்லை. பதில் கிடைப்பதே முக்கியம்.

அலியிடம் தோற்ற நான்கு தடவைகள்

பார்க்கின்சனின் பெயரைக் காலம் கடந்து நிற்கச் செய்வன, குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியுடனான நான்கு நேர்காணல்களாகும். 1971, 1974, 1977, 1981 ஆகிய ஆண்டுகளில் அவை இடம்பெற்றன. முதல் நேர்காணல் நடந்தபோது, வியட்னாம் போருக்குச் செல்ல மறுத்தமைக்காகப் பட்டம் பறிக்கப்பட்ட அலி, அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் தமது தண்டனையை முறியடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதே ஆண்டு மார்ச்சில் ஜோ ஃபிறேசியரிடம் அவர் தோற்றும் இருந்தார். அந்த மேடையில் இருந்துகொண்டு, நல்லவையெல்லாம் வெள்ளையாகவும் தீயவையெல்லாம் கறுப்பாகவும் ஏன் காட்டப்படுகின்றன என்று சிறுவயதில் தாயிடம் கேட்ட கதையை அவர் சொன்னார். தேவதூதர்கள் முதல் கேக் வகைகளின் பெயர்கள் வரை அடுக்கிச் சொல்லி மக்களைச் சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்பினூடே நிறவெறியின் முழுக் கட்டமைப்பையும் பிரித்தானியாவின் வீடுகளுக்குள் பிரித்துக் காட்டினார். பார்க்கின்சன் ஏறக்குறைய எதுவுமே செய்யவில்லை. எதுவும் செய்யாமல் இருந்ததே அவர் செய்த பெரிய காரியம்.

1974 ஆம் ஆண்டு, கின்ஷாசாவில் ஜோர்ஜ் ஃபோர்மனை வீழ்த்தி மீண்டும் உலகப் பட்டம் வென்ற அலி வந்து அமர்ந்தபோது நிலைமை மாறியது. வெள்ளையரை எதிரிகளாகக் கூறும் அலிக்கு வெள்ளையர்களான நண்பர்கள் இருப்பது பற்றி அமெரிக்க எழுத்தாளர் ஒருவரின் நூலை ஆதாரமாகக் கொண்டு பார்க்கின்சன் கேட்டார். அலி சினங்கொண்டார். தம்மை மடக்குவதற்கு இந்த நிகழ்ச்சியோ இதனை நடத்துபவரோ போதாது என்ற தொனியில் அவர் பொழிந்த சொல்மாரியை, பார்க்கின்சன் நாற்காலியில் அமர்ந்தபடி ஏற்றுக்கொண்டார். பிற்காலத்தில் இதனைப் பற்றிப் பேசும்போதெல்லாம், நான்கு தடவையும் தாமே தோற்றதாக அவர் கூறுவார்.

அந்த ஒளிப்பதிவை இன்று பார்ப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கேள்வி நியாயமானது. பதிலும் நியாயமானது. ஒரு வெள்ளையரான நேர்காணலாளர், ஒரு கறுப்பினத்தவரின் நம்பிக்கையில் உள்ள முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட முனைகின்றார். கேள்வி கேட்கும் அதிகாரம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று மற்றவர் திருப்பிக் கேட்கின்றார். இது அரட்டையன்று. இரண்டு மனிதர்கள் தத்தம் நிலையிலிருந்து உண்மையாக மோதிக்கொண்ட தருணம். தாம் சிறுமைப்படும் வாய்ப்பை ஏற்றுக்கொண்ட நேர்காணலாளராலேயே அத்தகைய தருணம் வாய்த்தது. 1981 இல் அலி நான்காவது முறை வந்தபோது, அவருடைய பேச்சின் வேகம் தளர்ந்திருந்தது. மூன்று ஆண்டுகளின் பின்னரே அவருடைய நோய் உறுதிப்படுத்தப்பட்டது. நான்கு நேர்காணல்களையும் வரிசையாகப் பார்ப்பது, ஒரு மாமனிதனின் பத்தாண்டு வாழ்வை அவனுடைய குரலின் வழியே வாசிப்பதற்கு ஒப்பாகும். அலி 2016 இல் மறைந்தார்.

எனினும், தாம் நடத்திய நேர்காணல்களுள் ஒன்றை மட்டுமே காப்பாற்ற முடியும் என்றால் எதனைக் காப்பாற்றுவீர்கள் என்ற கேள்விக்குப் பார்க்கின்சன் அலியின் பெயரைச் சொல்லவில்லை. அவர் சொன்ன பெயர், போலந்தில் பிறந்து பிரித்தானியாவில் வாழ்ந்த விஞ்ஞானி ஜேக்கப் ப்ரொனோவ்ஸ்கி. 1973 இல் ஒளிபரப்பான 'மனிதனின் ஏற்றம்' என்னும் ஆவணத் தொடரில், தமது உறவினர்கள் பலர் கொல்லப்பட்ட அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் குளத்தில் இறங்கி, சேற்றைக் கையில் அள்ளி, தம்மிடமே முழு உண்மையும் உள்ளதென்று நம்புபவர்கள் செய்யும் கொடுமையைப் பற்றிப் பேசியவர் அவர். பாடகர்களும் நடிகர்களும் வந்துபோகும் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியில், 1974 பெப்ரவரியில், அந்த விஞ்ஞானி ஒருவருக்கே முழு நேரத்தையும் வழங்கினார் பார்க்கின்சன். அதே ஆண்டு ஓகஸ்டில் ப்ரொனோவ்ஸ்கி காலமானார். பொழுதுபோக்கு நிகழ்ச்சியைப் பார்க்க அமர்ந்த மக்கள் ஒரு மணி நேரம் ஒரு சிந்தனையாளருக்குச் செவிகொடுப்பார்கள் என்று நம்புவதற்கு, மக்களின் மீது மதிப்பு வேண்டும். மக்களுக்கு இது விளங்காது என்று தாமே முடிவுசெய்யும் ஊடகவியலாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய விடயம் இது.

ஆனால் நினைவு என்பது நியாயமான தராசு அல்ல. 1976 இல் றொட் ஹல் என்னும் நகைச்சுவையாளர், கையில் மாட்டிய ஈமு பறவைப் பொம்மையால் பார்க்கின்சனைத் தாக்கி நாற்காலியிலிருந்து தரையில் உருட்டினார். எத்தனையோ மேதைகளைச் சந்தித்த பின்னரும் மக்கள் தம்மிடம் அந்தப் பாழாய்ப்போன பறவையைப் பற்றியே கேட்கின்றனர் என்று அவர் வாழ்நாள் முழுவதும் அலுத்துக்கொண்டார். கிளாஸ்கோ நகரின் கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளியாக இருந்த பில்லி கொனொலி, 1975 இல் அந்நிகழ்ச்சியில் தோன்றியதன் மூலமே பிரித்தானியா முழுவதும் அறியப்பட்ட நகைச்சுவையாளரானார் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

கேட்கத் தவறிய வேளைகள்

மறைந்தவரைப் பற்றி எழுதும்போது குறைகளை மறைப்பது எமது வழக்கம். ஆயினும் பார்க்கின்சனின் தோல்விகளும் இக்கலையை விளங்கிக்கொள்ள உதவுவன. 1975 இல் இளம் நடிகையாக வந்த ஹெலன் மிரனிடம், அவருடைய உடலழகு தீவிர நடிகை என்ற பெயருக்குத் தடையாக உள்ளதா என்ற பொருளில் அவர் சுற்றிவளைத்துக் கேட்டார். மிரன் கூச்சப்படவில்லை. எதைக் கேட்கின்றீர்கள் என்று நேரடியாகச் சொல்லுங்கள் என்ற பாணியில் கேள்வியை அவரிடமே திருப்பினார். அந்த நேர்காணல் இன்று பெண்களை ஊடகம் எவ்வாறு நடத்தியது என்பதற்கான சான்றாகக் காட்டப்படுகின்றது. அது அக்காலத்தின் இயல்பு என்று பார்க்கின்சன் பின்னாளில் விளக்கமளித்தார். காலத்தின் இயல்பு என்பது ஒரு விளக்கமே தவிர, சமாதானம் ஆகாது.

2003 இல் அமெரிக்க நடிகை மெக் ரயன் தமது புதிய படமொன்றின் பொருட்டு வந்தபோது, ஒற்றைச் சொற்களில் பதிலளித்தார். பார்க்கின்சனின் முகத்தில் எரிச்சல் வெளிப்பட்டது. முன்னாளில் இதழியல் பயின்ற நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்க, பேட்டியை முடித்துக்கொள்வேன் என்றார் ரயன். தம்மைக் கண்டிக்கும் தந்தையைப் போல அவர் நடந்துகொண்டதாக ரயன் பின்னர் கூறினார். 2021 இல் பார்க்கின்சன் அதற்காக வருத்தம் தெரிவித்தார்.

அலியின் கோபத்தைத் தாங்கிய அதே மனிதரால் ரயனின் மௌனத்தைத் தாங்க முடியவில்லை என்பது சிந்தனைக்குரியது. கோபமும் ஒரு பேச்சுத்தான். மௌனமும் ஒரு பதில்தான் என்பதை ஏற்பது அதனினும் கடினம். ஒருவர் பேச விரும்பாத நிலையையும் செவிமடுப்பதே கேட்டலின் கடைசிப் படி. அந்தப் படியில் அவர் சில வேளைகளில் சறுக்கினார். அவர் கேட்டபோது வென்றார், கேட்காதபோது தோற்றார். அவரது வாழ்க்கை தரும் பாடத்தை இதைவிடச் சுருக்கமாகக் கூற இயலாது.

நம்பிக்கை என்னும் மூலதனம்

1982 இல் முதற்கட்ட நிகழ்ச்சி நிறைவுற்ற பின்னர், டேவிட் ஃப்றொஸ்ட் உள்ளிட்டோருடன் இணைந்து 1983 இல் ரிவி-ஏஎம் என்னும் காலைத் தொலைக்காட்சியைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவரானார். றோய் பிளொம்லி 1985 இல் மறைந்ததையடுத்து, பிபிசி வானொலியின் நெடுங்கால நிகழ்ச்சியான 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' அவருடைய கைக்கு வந்தது. 1988 வரை அதனை நடத்தினார்.

அவர் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கையின் அளவை 1992 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31 ஆம் திகதி நிகழ்ந்த ஒரு சம்பவம் காட்டியது. பேய் நடமாடும் வீடொன்றிலிருந்து நேரடி ஒளிபரப்புச் செய்வதுபோல் எழுதி நடிக்கப்பட்ட 'கோஸ்ற்வோச்' என்னும் நாடகத்தைப் பிபிசி வெளியிட்டது. கலையகத்தில் அமர்ந்து அதனை நடத்துபவராக, தம் சொந்தப் பெயரிலேயே பார்க்கின்சன் தோன்றினார். நாடகம் என்று அறிவிக்கப்பட்டிருந்தும் பார்வையாளர் பலர் அதனை உண்மை என்றே நம்பி அஞ்சினர். பிபிசிக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. பார்க்கின்சன் சொன்னால் அது பொய்யாக இருக்காது என்று மக்கள் எண்ணினார்கள். நம்பிக்கை எத்தகைய பெரும் மூலதனம் என்பதையும், அதனை விளையாட்டாகச் செலவிடுவது எத்தகைய ஆபத்து என்பதையும் ஒருசேரக் காட்டிய நிகழ்வு அது.

1998 இல் 'பார்க்கின்சன்' நிகழ்ச்சி பிபிசியில் மீண்டும் ஆரம்பமாகியது. சனிக்கிழமை இரவில் காற்பந்தாட்ட நிகழ்ச்சிக்கு இடமளிக்கும் பொருட்டு அதன் நேரத்தை மாற்றும் நிலை ஏற்பட்டபோது, 2004 இல் அவர் ஐரிவி நிறுவனத்துக்கு மாறினார். 2007 டிசெம்பரில் நிகழ்ச்சி நிறைவுற்றது. 2008 இல் சேர் பட்டம் கிடைத்தது. ஏறத்தாழ 2,000 பேரை நேர்காணல் செய்த அவருக்கு, பாடகர் ஃபிராங்க் சினாட்ராவையும் துடுப்பாட்ட மேதை டொன் பிரட்மனையும் தம் எதிரே அமர்த்த முடியாமற் போனது கடைசிவரை ஒரு குறையாகவே இருந்தது.

அவர் விலகிய காலத்திலேயே இந்த வடிவமும் மாறிவிட்டது. நட்சத்திரங்களுக்கு விளம்பர முகவர்கள் காவலிருக்கின்றனர். எதனைக் கேட்கலாம், எதனைக் கேட்கக்கூடாது என்று முன்கூட்டியே பேசி முடிக்கப்படுகின்றது. புதிய படமோ நூலோ இசைத்தொகுப்போ வெளியாகும்போது மட்டுமே பிரபலங்கள் வாய் திறக்கின்றனர். ஒரு மணி நேர உரையாடலைவிட, கைத்தொலைபேசியில் பகிரத்தக்க ஒரு நிமிடத் துண்டே பெறுமதி மிக்கதாகிவிட்டது. இதற்கு எதிர்முனையில், விருந்தினரைப் பேசவிடாமல் குரலை உயர்த்துவதையே துணிச்சல் என்று கருதும் செய்தி நேர்காணல்கள் பெருகியுள்ளன. ஒன்று முகஸ்துதி, மற்றது கூச்சல். இரண்டிலும் பதிலுக்கு வேலையில்லை.

இயந்திரம் கேட்குமா?

பார்க்கின்சனின் கதை அவருடைய மரணத்துடன் முடிந்துவிடவில்லை. அவருடைய பழைய நேர்காணல்களைக் கொண்டு பயிற்றப்பட்ட செயற்கை நுண்ணறிவு, அவருடைய குரலிலேயே புதிய விருந்தினர்களைப் பேட்டி காணும் ஒலித்தொடர் ஒன்று 2025 ஜனவரியில் வெளியாகியது. அவருடைய குடும்பத்தினரின் ஒத்துழைப்புடனேயே அது உருவானது. அமெரிக்கப் பாடகர் ஜேசன் டெருலோ அதன் முதல் விருந்தினர். குரல் அவருடையது, தொனி அவருடையது, கேள்விகளின் போக்கும் அவருடையதை ஒத்தது.

தொழில்நுட்பத்தின் இந்த ஆற்றலை இகழ்வதற்கு எதுவுமில்லை. தந்தையின் குரலை மீண்டும் கேட்க விரும்பும் மகனின் உணர்வையும் எவரும் குறைகூற மாட்டார்கள். எனினும், நேர்காணல் என்றால் என்ன என்னும் அடிப்படைக் கேள்வியை இது எமக்கு முன்னால் வைக்கின்றது. பார்க்கின்சனின் கேள்விகளைப் பதிவுசெய்யலாம், சேமிக்கலாம், அவற்றைப் போலச் செய்யலாம். ஆனால் அந்த நாற்காலியில் அவர் பணயம் வைத்தது கேள்விகளை அல்ல, தம்மையே. அலியின் முன் அவருடைய முகம் சிவந்தது. வெல்ஸின் முன் அவருடைய தாள் கிழிந்தது. ப்ரொனோவ்ஸ்கியின் முன் அவர் வாயடைத்திருந்தார். ரயனின் முன் பொறுமை இழந்து, பதினெட்டு ஆண்டுகளின் பின்னர் வருந்தினார். வெட்கப்படவும் வியக்கவும் வருந்தவும் கூடிய ஒருவர் எதிரே இருக்கின்றார் என்பதனாலேயே விருந்தினரும் மனந்திறந்தார். இழப்பதற்கு எதுவுமில்லாத ஒரு குரலிடம் மனிதர் தகவல்களைச் சொல்லக்கூடும். தம்மைச் சொல்வார்களா என்பது ஐயமே.

எழுதப்பட்ட கேள்விகளை வாசிப்பதும், பதில் வந்து முடிவதற்குள் அடுத்த கேள்வியைத் தொடுப்பதும் இனி இயந்திரத்தால் மிகச் சிறப்பாகச் செய்யக்கூடிய வேலைகள். அவற்றை மட்டுமே செய்துகொண்டிருக்கும் நேர்காணலாளர்களுக்கு, எந்த மொழியில் பணியாற்றினாலும், இது ஓர் எச்சரிக்கை. இயந்திரத்தால் எளிதில் செய்ய இயலாத பகுதி, தமிழ்ச் சொல்லின் இரண்டாவது பொருளில் உள்ளது. சுரங்கத் தொழிலாளியின் மகன் ஒருவர் அரை நூற்றாண்டு காலம் ஒரு நாற்காலியில் அமர்ந்து செய்துகாட்டியது அதனையே. அவருக்கு அஞ்சலி செலுத்த விரும்புவோர் அவருடைய கேள்விகளைப் பட்டியலிட வேண்டியதில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் மௌனமாக இருக்கப் பழகினாலே போதுமானது.